நடந்ததிலிருந்து நம்மைப் படிப்பது: தன்னை அறிய ஒரு முழு வழிகாட்டி

தன்னை அறிதல் என்றதும் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது திருவண்ணாமலைதான். 1989-ல் மாவட்டம் பிரியும் வரை அதுவும் வட ஆற்காட்டில்தான் இருந்தது. 1896-ல், பதினாறு வயதில் அங்கே வந்து சேர்ந்த ரமணர், தன்னிடம் வந்தவர்களின் கேள்விகளை ஒரே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்: இந்த எண்ணம் யாருக்கு எழுந்தது? அது பெரிய தேடல். அதை நான் இங்கே தொடவில்லை. அன்றாடத்தில் நம்மை உறுத்தும் சின்ன விஷயங்களைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி. வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை மேல் எரிந்து விழுகிறோம். கடன் கேட்டால் இல்லை என்று சொல்ல வாய் வருவதில்லை. மேலாளர் சொன்ன ஒரு வார்த்தை ராத்திரி முழுக்கக் காதில் ஓடுகிறது. இந்த மாதிரி இடங்களில் நம்மை நாமே எப்படிப் படிப்பது?

கண்ணை மூடி உட்கார்ந்து "நான் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டால் பதில் வரும். ஆனால் அது நமக்குப் பிடித்த பதிலாக இருக்கும், இல்லையென்றால் நம்மை நாமே வழக்கமாகத் திட்டிக்கொள்ளும் பதிலாக இருக்கும். இரண்டும் பழைய பதில்கள். புதிதாக ஏதாவது தெரிய வேண்டுமானால் நடந்ததைப் பார்க்க வேண்டும். என்ன செய்தோம், எந்த நேரத்தில், எந்த நிலையில் இருந்த உடம்போடு, அப்போது எதிரே நின்றவர் என்ன செய்தார்? கீழே உள்ள படிகள் எல்லாம் இதைச் செய்வதற்குத்தான். முழுதாகச் செய்ய ஏறக்குறைய ஆறு வாரம் பிடிக்கும். ஒரு நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

தொடங்கும் முன்

தன்னை அறிவதில் இரண்டு பக்கம் உண்டு. எனக்கு என்ன வேண்டும், எதில் தளர்கிறேன், எது என்னைச் சுடுகிறது என்று எனக்குத் தெரிவது ஒன்று. மற்றவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிவது இன்னொன்று. இதை ஆராய்ந்த உளவியலாளர் டாஷா யூரிக் 2018-ல் எழுதிய கட்டுரையில் இரண்டு செய்திகள் முக்கியம். தன்னைத் தெரியும் என்று பெரும்பாலோர் நம்பினாலும், அவர் வைத்த அளவுகோலில் தேறியவர்கள் 10 முதல் 15 சதவீதம்தான். அடுத்தது, இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே தொடர்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. அதாவது தன் மனசை நன்றாக அறிந்தவர் பக்கத்து மேசைக்காரருக்குத் தன்னால் வரும் தொல்லையை அறியாமலே இருக்கலாம். ஊரார் தன்னை என்ன நினைக்கிறார்கள் என்பதை நுணுக்கமாக அறிந்தவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாமல் போகலாம். நம் குடும்பங்களில் இந்த இரண்டாவது வகை அதிகம் என்பது என் எண்ணம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம்.

ஆகவே முதல் நான்கு படிகள் உள் பக்கத்துக்கு. ஐந்தாவது வெளிப் பக்கத்துக்கு. வரிசையை மாற்ற வேண்டாம். தன் கணக்கு கையில் இல்லாமல் மற்றவரிடம் போய்க் கேட்டால், அவர் சொல்வதை அப்படியே விழுங்குவோம், அல்லது அப்படியே துப்புவோம்.

படி 1: ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்

"என்னை மாற்றிக்கொள்ள வேண்டும்" என்பது வேலைக்கு ஆகாது. "ராத்திரி ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவே வீட்டில் குரல் உயர்த்துவது" என்பது வேலைக்கு ஆகும். நேரமும் இடமும் சொல்ல முடிகிற ஒன்றாக இருக்கட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரியில் எழுதுங்கள்.

படி 2: இரண்டு வாரம் நடந்ததை எழுதுங்கள்

இதுதான் மொத்த வழிகாட்டிக்கும் அடிப்படை. அவசரப்பட்டு இதைத் தாண்டினால் மற்ற படிகளில் பிடிக்க எதுவும் இருக்காது.

பள்ளிப் பிள்ளைகளின் சின்ன நோட்டு ஒன்று போதும். எழுத வராதவர்கள் போனில் குரலாகப் பதிவு செய்யலாம். நீங்கள் எடுத்த விஷயம் நடந்த ஒவ்வொரு முறையும், அன்றைக்கே, ஒரு பதிவு. மறுநாளுக்கு விட்டால் மனசு கதையைத் திருத்திவிடும்.

தப்பான பதிவு இப்படி இருக்கும்: "இன்றைக்கும் கோபப்பட்டேன். நான் நல்ல அப்பாவே இல்லை." இதில் தீர்ப்பு இருக்கிறது, சம்பவம் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் படித்தால் மனம் நொந்துபோவதைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

சரியான பதிவு இப்படி: "செவ்வாய், ராத்திரி 8.10. கூடம். மகன் கணக்கு நோட்டைக் கொண்டு வந்தான். 'இப்ப வேணாம், போ'ன்னு கத்தினேன். நோட்டை மூடிட்டு அவங்க அம்மாகிட்ட போய்ட்டான். மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டது. சாயங்காலம் ஒரு டீ. தாடை இறுக்கமா இருந்தது. அரக்கோணத்திலிருந்து காட்பாடி வரைக்கும் நின்னுகிட்டே வந்தேன். இறங்கும்போது மேனேஜர் போன்."

வேறுபாட்டைக் கவனியுங்கள். மூலையில் ஒரு கேமரா இருந்திருந்தால் அதில் பதிவாகியிருக்கக்கூடியவை முதலில் வருகின்றன: நேரம், இடம், யார் என்ன சொன்னார்கள், எதிராளி அடுத்து என்ன செய்தார். பிறகு உடம்பின் நிலை. பிறகு அதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம். ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்ற விளக்கம் எங்கேயும் இல்லை. வேண்டுமென்றே விடப்பட்டது அது.

உடம்பைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ராத்திரியிலும் சுவர் சூடு விடுகிறது, தூக்கம் துண்டு துண்டாகப் போகிறது. அந்த மாதங்களில் "என் குணம்" என்று நினைப்பதில் பாதி, தூக்கம் கெட்ட உடம்பின் வேலையாக இருக்கலாம். தொடர்ந்து எழுதினால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்டு மாறி மாறி வேலை செய்பவர்கள் ஷிப்டு விவரத்தையும் ஒவ்வொரு பதிவிலும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நல்லபடியாகப் போன நாட்களையும் எழுதுங்கள். அதே கூடம், அதே மகன், அதே கணக்கு நோட்டு, ஆனால் அன்றைக்குக் கத்தவில்லை என்றால் அந்தப் பதிவுதான் மற்ற எல்லாவற்றையும்விட விலை மதிப்புள்ளது.

நோட்டை எங்கே வைப்பது என்பதும் நம் வீடுகளில் நிஜமான பிரச்சினை. கூட்டுக் குடும்பத்தில், அதுவும் பெண்களுக்கு, பூட்டி வைக்க ஓர் இழுப்பறைகூட இருப்பதில்லை. பெயர்களுக்குப் பதில் முதலெழுத்து போடலாம். மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்கலாம். பூட்டு வசதியுள்ள போன் குறிப்பிலும் எழுதலாம். யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் உண்மை எழுத வராது. அதனால் முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: உணர்வுக்குச் சரியான பெயர் கொடுங்கள்

பலர் எல்லாவற்றையும் "டென்ஷன்" என்று முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் இன்னும் துல்லியமாக ஒரு சொல் போடுங்கள்: எரிச்சல், சலிப்பு, ஆற்றாமை, அவமானம், பொறாமை, ஏக்கம், பதற்றம், குற்ற உணர்வு, தனிமை. 2007-ல் உளவியலாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வில், படத்தில் தெரிந்த முகத்தின் உணர்வுக்குப் பெயர் சொன்னபோது, அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய அமிக்டலா பகுதியின் வேகம் குறைந்தது. பெயர் வைப்பதே கொஞ்சம் ஆசுவாசம் தரும்.

அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. கோபம் என்று எழுதிய இடங்களைத் திரும்பப் பாருங்கள். அதற்கு ஒரு நொடி முன்னால் என்ன இருந்தது? மேனேஜர் போன் தந்தது அவமானம். அதை அவரிடம் காட்ட முடியாது. வீட்டில் காட்ட முடியும். மகன் கையில் நோட்டோடு நின்றது அந்த நேரத்தில். இதைக் கண்டுகொண்ட பிறகு "நான் கோபக்காரன்" என்ற வாக்கியத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. செய்ய வேண்டியது வேறு எங்கோ இருக்கிறது என்று தெரிகிறது.

படி 4: 'ஏன்' என்று தோண்டாதீர்கள்

உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட், டிமோதி வில்சன் இருவரும் 1977-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை வரும். அமெரிக்காவில் ஒரு கடையில் பெண்கள் அணியும் காலுறை நான்கு ஜோடிகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். நான்கும் அச்சு அசல் ஒன்றேதான். ஆனாலும் வலது கோடியில் இருந்ததையே மிக அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது நெசவு, தரம் என்று காரணம் சொன்னார்கள். இருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டதற்கு ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம்பத் தகுந்த ஒரு காரணத்தை மனசு உடனே தயாரித்துக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

"நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்று ராத்திரி படுக்கையில் கேட்கும்போதும் இதுதான் நடக்கிறது. சின்ன வயதில் அப்பா அடித்தது, அத்தை சொன்ன சொல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்று மனசு எதையாவது எடுத்துக் கொடுக்கும். அதில் உண்மை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சரிபார்க்க வழியில்லை. அசை போட்டுக்கொண்டே இருப்பதுதான் மிச்சம். 1999-ல் பால் டிராப்னெலும் ஜெனிஃபர் கேம்பெலும் இந்த அசைபோடுதலையும், ஆர்வத்தோடு தன்னைக் கவனிப்பதையும் இரண்டு தனித்தனிப் போக்குகளாகப் பிரித்துக் காட்டினார்கள். முதலாவது மன உளைச்சலோடு சேர்ந்து போகிறது.

ஆகவே இரண்டு வாரம் முடிந்ததும் பென்சிலோடு உட்கார்ந்து வேறு கேள்விகளைக் கேளுங்கள். எப்போது நடக்கிறது? எந்த நாளில் நடக்கவில்லை? யாரோடு? யாரோடு ஒரு முறைகூட இல்லை? அதற்கு முன்னால் என்ன இருந்தது? திரும்பத் திரும்ப வரும் சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். மகன் கதையில் வட்டம் விழுவது "பசி", "போன்" என்ற இரண்டில் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைப் பதிவு ஒன்றுகூட இல்லை. குணத்தைப் பற்றிய பெரிய கேள்வி இப்போது கைக்கு அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

படிக்கும்போது மனம் சுருண்டால் ஒரு வழி உண்டு. ஈதன் கிராஸும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் காட்டியது: மன அழுத்தத்தில் இருக்கும்போது "நான்" என்பதற்குப் பதில் தன் பெயரைச் சொல்லித் தன்னிடம் பேசினால் பதற்றத்தைக் கையாள்வது எளிதாகிறது. பதிவை வேறு ஒருவருடைய கதை போல, உங்கள் பெயரைச் சொல்லி மெதுவாக வாசித்துப் பாருங்கள். நண்பனுக்குக் காட்டும் பொறுமை உங்களுக்கும் கிடைக்கும்.

படி 5: எதிரே இருப்பவரிடம் கேளுங்கள்

ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் இருவரும் 1955-ல் வரைந்த 'ஜொஹாரி சாளரம்', நம்மைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று காட்டும் படம். அது நான்கு அறைகள் கொண்டது. அதில் ஓர் அறை, மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவை. அதன் கதவு உள்ளிருந்து திறக்காது. உளவியலாளர் சிமின் வசீரே 2010-ல் இதை இன்னும் கூர்மையாக்கினார். பதற்றம், கவலை போன்ற உள் நிலைகளை நாமே நன்றாக அறிகிறோம். அறிவுத்திறன், படைப்பாற்றல் போல நம் பெருமை சம்பந்தப்பட்டவற்றில் நண்பர்களின் கணிப்பே மேலானது.

யாரைக் கேட்பது, கேட்டதை என்ன செய்வது என்பதற்கு எங்கள் வேலூர்க் கோட்டையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1805 நவம்பரில் ஆங்கிலேயக் கம்பெனிப் படையில் வந்த புது உத்தரவு சிப்பாய்களின் நெற்றிக்குறியையும் தாடியையும் தடுத்தது, புதுவிதத் தலைப்பாகையைத் திணித்தது. 1806 ஜூலை 10 அதிகாலை கோட்டைக்குள் புரட்சி வெடித்தது. ஆனால் ஜூன் 17-ஆம் தேதியே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருந்தான். கர்னல் அதை இந்தியப் படை அதிகாரிகளிடம் விசாரிக்கக் கொடுத்தார். திட்டத்தில் பங்கிருந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். சொன்னவன் புத்தி கெட்டவன் என்று முடிவாகி, அவனையே விலங்கிட்டு அடைத்தார்கள். சிப்பாய்களின் பக்கம் இருந்த நியாயம் பெரிது. அது தனிப் பேச்சு. இங்கே கவனிக்க வேண்டியது, மேலே உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் உத்தரவு கீழே என்ன செய்கிறது என்று அறியாமல் போன விதம். உண்மையைச் சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்களிடம் கேட்டார்கள். சொன்னவனைத் தண்டித்தார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் செய்வது பெரும்பாலும் இதே இரண்டுதான்.

ஆகவே ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். உங்கள் நன்மையில் அக்கறை உள்ளவர், அதே சமயம் உங்களுக்குப் பயப்படத் தேவையில்லாதவர். அக்கா, பல வருட நண்பர், சரிநிகராக வேலை செய்யும் ஒருவர். இரண்டு பேர் போதும். எப்போதும் புகழ்பவரும் வேண்டாம், எப்போதும் குறை சொல்பவரும் வேண்டாம்.

"என்னைப் பற்றி என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் "உனக்கு என்ன குறை" என்றுதான் வரும். நோட்டில் இருக்கும் ஒரு விஷயத்தை வைத்துக் கேளுங்கள். ஒரு தம்பியும் அக்காவும் பேசுவது இப்படி இருக்கலாம்:

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நீ எங்கிட்ட எதனா சொல்லும்போது நான் எப்படி நடந்துக்கறேன்? சமீபத்துல நடந்தது ஒண்ணு சொல்லு."

"இன்னாடா திடீர்னு?"

"சும்மா இல்லக்கா, நெசமாத்தான் கேக்கறேன்."

"நீ கேக்கற மாதிரிதான் இருக்கும்டா. ஆனா நான் பாதி சொல்றதுக்குள்ள நீ இன்னா பண்ணணும்னு சொல்ல ஆரம்பிச்சிடுவ. அம்மா ஆபரேஷன் விஷயம் பேசறப்போ அதான் போனை வெச்சிட்டேன்."

இந்த இடத்தில் தம்பி சொல்ல வேண்டியது "சரிக்கா, சொன்னதுக்கு தேங்க்ஸ்" மட்டும். "இல்லக்கா, அன்னிக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா" என்று தொடங்கினால் கதவு மூடிவிட்டது. அக்கா அடுத்த முறை சொல்லமாட்டாள். வீட்டுக்கு வந்து அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள். ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு உங்கள் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் குறித்து வைத்துக்கொண்டு கவனியுங்கள்.

உங்களிடம் சம்பளம் வாங்குபவர், உங்களுக்குப் பயப்படும் பிள்ளை, வாழ வந்த மருமகள் ஆகியோரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அவர்களால் உள்ளதைச் சொல்ல முடியாது, சொல்லச் சொல்வதும் நியாயம் இல்லை. அவர்கள் விஷயத்தில் கண்ணால் பாருங்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் யார் பேச்சு நிற்கிறது? கெட்ட செய்தி உங்களுக்குக் கடைசியாக வருகிறதா? வீட்டில் யார் எப்போதும் கடைசியாகச் சாப்பிடுகிறார்? நம்மைப் பற்றி அவர்கள் சொல்ல முடியாததை எல்லாம் இந்தச் சின்ன விஷயங்கள் சொல்லிவிடுகின்றன.

படி 6: பணமும் நேரமும்

இது ஒரு மாலை வேலை. உங்களுக்கு எது முக்கியம் என்று ஐந்து வரி எழுதுங்கள். பிறகு போனில் கடந்த ஒரு மாதப் பணப் பரிமாற்றத்தையும், திரையில் செலவான நேரத்தையும் திறந்து பாருங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று மட்டும் குறியுங்கள். அன்றைக்கே எந்தச் சபதமும் எடுக்க வேண்டாம்.

படி 7: ஒரு மாற்றம், இரண்டு வாரம்

இப்போதுதான் மாற்றம். அதுவும் ஒன்று. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ல் தொகுத்துச் சொன்னது, "இனி கோபப்படமாட்டேன்" என்ற பொதுவான எண்ணத்தைவிட "இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்வது அதிகம் பலிக்கிறது என்று. நோட்டில் வட்டம் விழுந்தது பசியும் போனும் என்றால் வரி இப்படி அமையும்: "காட்பாடியில் இறங்கியதும் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். மேனேஜர் போன் வந்த நாளில் முகம் கழுவி, பத்து நிமிடம் மாடியில் நின்ற பிறகு கூடத்துக்கு வருவேன்." வீட்டிலும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் மாடிக்குப் போனால் அதுவும் கோபமாகத்தான் தெரியும்.

தவறிய நாளையும் அதே முறையில் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து, முதலில் கேட்ட அதே இருவரிடம், "ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்று சொன்னால் திட்டத்தை மாற்றுங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

எழுத எழுத மனம் கனத்துக்கொண்டே போகிறது, ஒரே விஷயம் நாள் கணக்கில் சுழல்கிறது என்றால் நோட்டை மூடிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது தன்னை அறியும் பயிற்சியால் தீர்கிற விஷயம் இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம். வேலூர்ப் பக்கம் என்றால் பாகாயத்தில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் உடனே 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அது டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணம் கிடையாது, எந்நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம்.

அடுத்தது

ஒரு விஷயம் முடிந்ததும் அடுத்ததை உடனே தூக்காதீர்கள். ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். எந்நேரமும் தன்னையே கவனித்துக்கொண்டிருப்பவர் பக்கத்தில் இருப்பவரைக் கவனிக்க மறந்துவிடுவார். பழைய பக்கங்களில் மற்றவர்களைப் பற்றிய வரிகள் நிறைய இருக்கும். வட்டம் போட்ட சொற்களையும் கடைசியில் பலித்த திட்டத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, மற்றதைக் கிழித்துவிடுங்கள்.